கரண்ட்டுக்கும் ஓர் இடைவேளை

போன வாரம் முழுக்க எங்கள் வீட்டு உப்புச் சீசா என் வழியாகத்தான் பயணம் செய்தது.

"அப்பா, உப்பு யார் பக்கத்துல இருக்கோ, அவங்க கொஞ்சம் இங்கே தள்ளுவாங்களான்னு கேளுங்க." இது என் மகள், சின்னவள்.

"மாமா, கேக்கறவங்களுக்கே கை எட்டும்னு சொல்லுங்க." இது என் மருமகள், தலைமையாசிரியை.

இருவருக்கும் நடுவே ஒரு முழம் தூரம். அந்த ஒரு முழத்துக்கு நான் டிக்கெட் கிழிக்க வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்கப் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூட்டம் எனக்குப் புதிதல்ல. ஆனால் சாப்பாட்டு மேஜையில் ரூட் போட்டது இதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். மருமகள் தலைமை வகிக்கும் பள்ளிக்கூடத்தில்தான் சின்னவள் பாட்டு டீச்சர். செலவைக் குறைக்கச் சொல்லிக் கல்வி வாரியம் உத்தரவு போட்டது. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டுமாம். இந்தப் பருவத்தோடு பாட்டு வகுப்பு நிறுத்தம். கையெழுத்துப் போட்டது அண்ணி. வேலை போவது நாத்தனாருக்கு. கையெழுத்துப் போடும்போது அண்ணி ஒரு பெருமூச்சுகூட விடவில்லை என்பது சின்னவளின் குற்றச்சாட்டு. என் மகன் இருந்தால் சமாதானம் பேசுவான். அவனோ கப்பலில் வேலை பார்க்கிறவன். வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில் இருப்பான்.

தப்பிக்க ஒரு வழி மிச்சம் இருந்தது. மின்சாரத்தையும் தண்ணீரையும் சிக்கனமாகச் செலவழிக்கும் பள்ளிக்கு, மிச்சமானதில் பாதியை வாரியமே பரிசாகத் திருப்பிக் கொடுக்கும். அது கிடைத்தால் பாட்டு வகுப்பு பிழைக்கும். கிடைக்காவிட்டால் என் மகள் வீட்டுச் சுவர்களுக்குத்தான் பாட்டுச் சொல்லித்தர வேண்டும்.

பரிசோதகர் வருகிற நாள் இன்று. எந்த நேரத்தில் வருவார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாளாவது அந்த விசிலை வீட்ல வெச்சுட்டுப் போங்க. வர்றவங்க மிரண்டு ஓடிடப் போறாங்க" என்றாள் என் மேலதிகாரி. மனைவியைத்தான் சொல்கிறேன். போக்குவரத்துக் கழகம் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. இவள் இன்னும் கொடுக்கவில்லை.

"விசில் இல்லேன்னா பள்ளிக்கூடமே நகராதுடி."

"ஆமா, இவருதான் அச்சாணி. சாப்பாட்டு டப்பாவை மறக்காம எடுத்துட்டுப் போங்க, அது போதும்."

சிக்கனத்தில் என் மருமகளை மிஞ்ச இந்தப் பூமியில் ஆள் கிடையாது. எங்கள் குளியலறை பல்பைப் பார்த்து ஒரு மின்மினிப் பூச்சி "ஏதாவது உதவி வேணுமா?" என்று விசாரித்துவிட்டுப் போனது. சத்தியம். அவள் பொறுப்பேற்பதற்கு முன் அந்தப் பள்ளிக்கூடம் ராவும் பகலும் கல்யாண மண்டபம் மாதிரி எரிந்துகொண்டிருக்கும். ஆளில்லாத வகுப்பில் மின்விசிறி பெஞ்சுகளுக்குக் காற்று வீசும். குழாய்கள் ஒழுகிய ஒழுக்கில் கழிவறைப் பக்கம் ஒரு வாத்துக் குடும்பமே குடியேறியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். ஒரு வாத்து வந்தது நிஜம்.

அவள் வந்து ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். தினமும் காலை இரண்டாவது பாடம் முடிந்ததும் மெயின் சுவிட்சையே கீழே இறக்கிவிடுவாள். ஒரு மணி நேரம் பள்ளி முழுக்க மின்சாரம் கிடையாது. ஒவ்வொரு வகுப்பிலும் கடைசியாக வெளியே வருகிறவர் ஜன்னலைச் சாத்த வேண்டும், கதவை மூட வேண்டும். மொத்தப் பள்ளியும் பின்பக்கத் தோட்டத்து மர நிழலுக்கு வந்துவிடும். அங்கே பாட்டு. "நமக்கு இடைவேளை உண்டுன்னா கரண்ட்டுக்கு வேண்டாமா?" என்று ஏதோ ஒரு வாண்டு கேட்டுவைக்க, கரண்ட் இடைவேளை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்த நேரத்தில் மின்சார மணி அடிக்காது அல்லவா? அதற்குத்தான் நான். சாப்பாட்டு டப்பா கொண்டுபோகும் சாக்கில் போய், போவதற்கு இரண்டு விசில், நிற்பதற்கு ஒரு விசில். சம்பளம் கிடையாது. மரியாதை அமோகம்.

காலைப் பலகாரத்தின்போதே இதில் ஒரு தகராறு.

"அப்பா, இன்னிக்கு மட்டும் கரண்ட் இடைவேளை வேண்டாம்னு அங்கே சொல்லுங்க. வர்றவங்க பார்த்துட்டு ஏதாவது ஏடாகூடமா நினைச்சுக்கப் போறாங்க."

"மாமா, தினமும் செய்யறதை இன்னிக்குச் செய்யலேன்னா அதுக்குப் பேரு நடிப்பு. நடிப்புக்குப் பரிசு குடுக்கற இடம் வேற."

"போகப்போறது யாரோட வேலைன்னு ஞாபகம் இருக்கான்னு கேளுங்கப்பா."

மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் இரண்டு டிக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன்.

நான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது பாடம் முடிகிற நேரம். வாசல் காவலாளி லீவு. அவர் மனைவிக்குப் பிரசவம். முன் கேட் சாத்தியிருந்தது. நான் வழக்கம்போலத் தோட்டத்து வழியாக நுழைந்து இரண்டு விசில் ஊதினேன். சுவிட்ச் இறங்கியது. ஜன்னல்கள் பட்பட்டென்று சாத்திக்கொண்டன. அணை உடைந்த மாதிரி பிள்ளைகள் தோட்டத்துக்குள் பாய்ந்தார்கள்.

சின்னவள் மரத்தடியில் நின்று கையை உயர்த்தினாள். அவ்வளவுதான். அத்தனை வாயும் மூடியது. சிரிப்பும் சிணுங்கலும் சண்டையும் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. கை தாழ்ந்ததும் பாட்டு கிளம்பியது. வாத்தியம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. தொடையில் தாளம், தொண்டையில் ராகம். காக்கைகள் கரைவதை நிறுத்திவிட்டுக் கிளையில் வரிசையாக உட்கார்ந்து கேட்டன. இரண்டு காக்கைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. இதையும் நம்ப வேண்டாம். ஆனால் தூரத்துக் குழாயடியில் நின்ற தலைமையாசிரியை, யாரும் பார்க்காத மாதிரி வலது காலால் தாளம் போட்டதை நான் பார்த்தேன். அதை நம்புங்கள்.

அப்போதுதான் அவள் கைப்பேசி நடுங்கியது.

வாசித்தாள். தாளம் போட்ட கால் நின்றது. கைப்பேசியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

பரிசோதகர் அனுப்பிய செய்தி. "நேரில் வந்தேன். பள்ளி மூடிக் கிடந்தது. வாசல் மணிக்கும் அலுவலகத் தொலைபேசிக்கும் பதில் இல்லை. பரிசோதனை ரத்து."

வாசல் மணி கரண்ட்டில் ஓடுவது. அலுவலகத் தொலைபேசியும் அப்படியே. எங்கள் சிக்கனம் விளக்கு, விசிறியோடு நிற்காமல் வாசல் மணியின் கழுத்தையும் நெரித்துவிட்டிருந்தது! மின்சாரத்தை மிச்சம் பிடித்த பரிசை, மின்சாரத்தை மிச்சம் பிடித்தே தொலைத்தவர்கள் உலகத்தில் எங்களைத் தவிர வேறு யாராவது இருந்தால் கைகுலுக்க ஆசைப்படுகிறேன்.

மருமகள் திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். அவள் விரல் இப்படித் தப்பான இடத்தை அமுக்கி நான் பார்த்ததே இல்லை.

"என்னாச்சுப்பா?" பாட்டை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள் சின்னவள். செய்தியைப் படித்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம். அடுத்து அவள் அண்ணியின் விரலைப் பார்த்தாள். கோபம் எங்கேயோ நழுவிவிட்டது.

"அப்பா, ஓடுங்க!"

கேட்டைத் திறந்துகொண்டு ஓடினோம். எதிரே பேனா, பென்சில் விற்கும் கடைக்காரம்மா கை நீட்டினார். "ஒரு அம்மா மணியை அமுக்கி அமுக்கிப் பார்த்தாங்க. இப்பத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போறாங்க!"

நான் ஓடிய ஓட்டத்தைப் பற்றி நானே சொல்வது அழகல்ல. குதிரை ஒன்று வெட்கப்பட்டு ஒதுங்கியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முனை திரும்பும்போது பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலோரம், மடியில் பையும் குடையுமாக ஓர் அம்மாள்.

சின்னவள் கத்தினாள். பஸ் கேட்கவில்லை. நான் விசிலை வாயில் வைத்து ஒரே ஒரு ஊது ஊதினேன்.

ஒற்றை விசில் கேட்டால் டிரைவரின் மூளை யோசிக்காது, கால்தான் யோசிக்கும். பஸ் கிரீச்சென்று நின்றது. உள்ளே இருந்த கண்டக்டர் படியில் பாய்ந்து வந்தான்.

"யாருய்யா ஊதினது?"

"நான்தான் தம்பி. உன் சீனியர்."

"சீனியர்னா? ஓடற பஸ்ஸை நடுரோட்ல நிறுத்துவீங்களா?"

"அப்புறம் திட்டு, தம்பி. ஒரு டீச்சரோட வேலை உன் பஸ்ல ஏறிப் போகுது!"

சின்னவள் அதற்குள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "மேடம், பள்ளிக்கூடம் மூடலை. அணைச்சிருக்கோம்."

"புரியலை."

"கரண்ட்டுக்கு இடைவேளை விட்டிருக்கோம், மேடம். பசங்க எல்லாரும் பின்னாடி பாடிட்டிருக்காங்க."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். "இறங்கும்மா, பொண்ணு இவ்வளவு கெஞ்சுது" என்றார் பின் சீட்டுக்காரர். "டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்காது" என்றான் கண்டக்டர், ஆனால் படியை விட்டு ஒதுங்கி வழி விட்டான். பரிசோதகர் இறங்கிவிட்டார்.

நடக்கும்போதே சொன்னார்: "முன்கூட்டியே ஒண்ணு சொல்லிடறேன். பசங்களை இருட்டுலயும் புழுக்கத்துலயும் உட்கார வெச்சு மிச்சம் பிடிக்கற பள்ளிக்கூடங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். அந்த மாதிரி இடத்துக்குப் பரிசு கிடையாது, திட்டுதான்."

சின்னவளின் நடை தளர்ந்தது. நான் விசிலைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

தோட்டத்தில் மருமகள் காத்திருந்தாள். மன்னிப்புக் கேட்டாள், வாசல் மணியை மறந்தது தன் தப்பு என்றாள். வேறு யார் மேலும் பழி போடவில்லை. பரிசோதகர் எல்லாவற்றையும் பார்த்தார். வகுப்புக்குள் போய் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் பார்த்தார். குழாய்களைத் திருகிப் பார்த்தார். பிள்ளைகளிடம் வேர்க்கிறதா, கண் வலிக்கிறதா என்று கேட்டார். "பசிக்குது" என்று ஒரு குரல் வந்தது.

"ஒரு மணி நேரம் அணைச்சா என்ன பெருசா மிச்சமாகும்?" என்றார் பரிசோதகர்.

"அந்த ஒரு மணி நேரத்துல கொஞ்சம்தான், மேடம்" என்றாள் மருமகள். "மிச்சம் அதுக்கப்புறம்தான். எல்லாம் அணைஞ்சு கிடக்கு இல்லையா? திரும்பி வர்ற பசங்க தங்களுக்கு எது வேணுமோ அதை மட்டும்தான் போடுவாங்க. மறந்து எரிஞ்சுட்டிருந்தது எதுவும் மறுபடி எரியாது. தினமும் முதல்லேர்ந்து யோசிக்க வெக்கறோம்."

பரிசோதகரின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. "சரி. இவ்வளவு பிள்ளைங்களைத் தினமும் சண்டை சச்சரவு இல்லாம வெளியில உட்கார வெக்கறது லேசான காரியம் இல்லையே. அது எப்படி முடிஞ்சுது?"

மருமகள் நாத்தனாரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும், மேடம். பாட்டு டீச்சர் என் நாத்தனார். என் வீட்டுக்காரரோட கூடப்பிறந்த தங்கச்சி. ஒரே வீட்லதான் இருக்கோம்."

சின்னவளுக்கு முகம் செத்துப்போனது. வெட்டிய கிளையை ஏன் இன்னொரு முறை வெட்டுகிறாள் என்ற கேள்வி அவள் கண்ணில் அப்பட்டமாக இருந்தது. எனக்கும் அதே கேள்விதான்.

"இப்ப பதில் சொல்றேன்" என்றாள் மருமகள். "முதல்ல பாட்டு இல்லாமத்தான் ஆரம்பிச்சோம். ஒரு வாரத்துல ரெண்டு மூக்கு உடைஞ்சுது, வேலி சாய்ஞ்சுது. இந்த விளையாட்டே வேண்டாம்னு டீச்சருங்க எல்லாம் சேர்ந்து வந்து நின்னாங்க. அப்பத்தான் இவ வேலைக்கு வந்தா. மரத்தடியில நின்னு பாட ஆரம்பிச்சா. யாரும் கூப்பிடலை, பசங்க தானா வந்து உட்கார்ந்தாங்க. இங்கே மிச்சமாகற அத்தனைக்கும் வேர் அந்தப் பாட்டுதான். இவ போனா இடைவேளை நிலைக்காது. இடைவேளை போனா மிச்சமும் போயிடும்."

"இதை வாரியத்துக்கு ஏன் எழுதலை?"

"நான் எழுதினா சொந்தக்காரிக்குப் பரிஞ்சு பேசறதா ஆயிடும், மேடம்."

"இப்ப நான் கேக்காம இருந்திருந்தா?"

"சொல்லியிருக்க மாட்டேன்."

"நல்லா இருக்கு!" என்றார் பரிசோதகர். குரலில் உறைப்பு ஏறியது. "வேண்டாத விளக்கை அணைக்கறது சிக்கனம். வாசல் மணியை அணைக்கறது ஞாபக மறதி. உண்மையையே அணைச்சு வெக்கறதுக்கு என்ன பேரும்மா? ஒரு நல்ல டீச்சர் உங்க நேர்மைக்குப் பலியாகி வீட்டுக்குப் போயிருப்பாங்களே!"

என் மருமகளை இப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் கேட்க நினைத்து மூன்று தடவை தொண்டையைக் கனைத்ததோடு சரி. அவள் தலை குனிந்தாள். பாட்டு டீச்சர் ஒரு அடி முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணியைத் திட்டாதீங்க மேடம்" என்றாள். அண்ணி! எங்கள் வீட்டில் அந்த வார்த்தை ஒலித்து எத்தனை நாளாயிற்று! எனக்குப் பாட்டைவிட அது இனித்தது.

"திட்டலை. பாடுங்க" என்றார் பரிசோதகர். "எதையும் மாத்தாம, எப்பவும் எப்படியோ அப்படி."

சின்னவள் கையை உயர்த்தினாள். பரிசோதகர் ஒரு வேரின் மேல் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். பாட்டு நடக்க நடக்க அவரும் கை தட்டினார். தாளத்துக்கும் அவருக்கும் ஏழேழு ஜென்மத்துக்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்தில் இருந்த பொடிசு அவர் மணிக்கட்டைப் பிடித்துச் சரியான இடத்தில் தட்ட வைத்தது.

பாட்டு முடிந்து எழுந்தபோது பாவாடைக்காரக் குட்டிகள் இரண்டு பேர் அவர் குடைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குடையை வாங்கிக்கொண்டு சொன்னார்: "பரிசுக்கு நான் பரிந்துரை பண்றேன். இந்த வட்டாரத்துல என் பரிந்துரையை வாரியம் இதுவரைக்கும் தள்ளினதில்லை. மிச்சத்துக்கு வேரா இருக்கறதைக் காப்பாத்தறது செலவே இல்லை, பராமரிப்பு. அதையும் நானே எழுதறேன். நீங்க சொந்தக்காரி, தள்ளி நில்லுங்க. வாசல் மணிக்கு மட்டும் தனியா ஒரு பேட்டரி போடுங்க."

மருமகள் கை குவித்தாள். நான் யாருக்கெல்லாம் நன்றி சொன்னேன் தெரியுமா? பிரேக்கை மிதித்த டிரைவருக்கு. ஒதுங்கி நின்ற கண்டக்டர் தம்பிக்கு. பின் சீட்டுக்காரருக்கு. பேனா கடைக்காரம்மாவுக்கு. காவலாளி வீட்டில் பிறக்கப்போகும் குழந்தைக்கு. அது இன்றைக்கு நாள் பார்த்திராவிட்டால் காவலாளி கேட்டைத் திறந்துவிட்டிருப்பார், பரிசோதகர் நாலு குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார், இத்தனை உண்மையும் உள்ளேயே கிடந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டில் மேலதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பஸ்ஸை நிறுத்தினது நீங்களா, இல்ல பஸ்ஸே நின்னுதா?" என்றாள்.

"டிரைவரைக் கேளு!"

"கேட்டாலும் கேப்பேன். குதிரையையும் கேப்பேன்."

கூடத்துச் சோபாவில் அண்ணியும் நாத்தனாரும் ஒரே போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கக் கண் கொள்ளவில்லை.

"அண்ணி, கையெழுத்துப் போட்டப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"வாயைத் திறந்தா அழுதுடுவேன்னு இருந்துது. தலைமையாசிரியை அழுதா பள்ளிக்கூடமே ஆடிப்போயிடும்டி."

"வீட்டுக்கு வந்து அழுதிருக்கலாம்."

"வீட்டுக்கு வந்தா நீ மூஞ்சியைத் தூக்கிட்டு உட்கார்ந்திருந்தே. யார்கிட்ட அழறது, மாமாகிட்டயா? அவர் அதை ஆறா, குளமான்னு ஊரெல்லாம் சொல்லியிருப்பாரு."

"கடல்னு சொல்லியிருப்பேன்" என்றேன் நான், உண்மையை மறைக்காமல்.

மூன்று பெண்களும் சிரித்தார்கள். சின்னவள் அண்ணியின் தோளில் சாய்ந்து, "நன்றி அண்ணி" என்றாள். "நீங்க சொன்னதுக்கு மட்டும் இல்ல. என் பாட்டைத் தினமும் கேட்டுட்டிருந்ததுக்கு."

அப்போது அவள் கைப்பேசி அடித்தது. எழுந்து நடைவழிக்குப் போனாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்; தாகம் நிஜம்தான், காதும் கூடவே வந்துவிட்டது. அந்தப் பக்கம் பரிசோதகர்.

"சொல்லுங்க மேடம்... எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் நான் பாட்டு ஆரம்பிச்சு வெக்கணுமா?... வெளியூரா?... வருஷம் முழுக்கவா?" சுவரில் விரலால் தாளம் போட்டாள். "இல்ல மேடம், இஷ்டம் இல்லாம இல்ல. அப்போ இங்கே யார் பாடுவாங்க?... யோசிச்சுச் சொல்றேன்."

திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். உதட்டில் விரல் வைத்தாள்.

"யாருடி?" என்று கூடத்திலிருந்து கேட்டாள் மருமகள்.

"தப்பான நம்பர், அண்ணி."

போர்வையை விலக்கி அவளுக்கு இடம் விட்டாள் மருமகள். பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, தோளைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டாள்.

"அப்பாடா! இனிமே நீ எங்கேயும் போக வேண்டாம். அது போதும் எனக்கு."

சின்னவள் தலையை ஆட்டினாள். அது ஆமாமா, இல்லையா என்று கதவோரம் நின்ற எனக்கே தெரியவில்லை.